கட்டைவிரலா, ரிமோட்டா?

“தம்பி, எடது வேலை செய்யலப்பா. கெளம்பி வா.”

அக்கா இவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்துவிட்டாள்.

சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தவன் அப்படியே எழுந்தேன். கம்பத்தில் இருக்கும் என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், பக்கவாதத்தில் விழுந்து எழுந்தவர். இடது காலும் இடது கையும் போய், கால் மட்டும் வீட்டுக்குள் நடக்கிற அளவுக்குத் திரும்பியிருந்தது. கை மெல்ல மெல்லத் தேறிக்கொண்டு வந்தது. இந்த நிலைமையில் ‘இடது வேலை செய்யவில்லை’ என்று ஒருத்தி சொன்னால் நான் வேறு என்ன நினைப்பேன்?

எப்போதும் தேனியிலிருந்து பேருந்தில் போகிறவன், அன்றைக்குக் கார் பிடித்தேன். மச்சானின் ஸ்கேன் நகல், மருந்துச் சீட்டு நகல், காப்பீட்டு அட்டையின் நகல் எல்லாம் வரிசை மாறாமல் பைக்குள் போயின. நடைமுறை என்பது எனக்கு மூச்சு மாதிரி. பயந்தாலும் நிற்காது. சின்னமனூர் போனதும் உத்தமபாளையம் போனதும் தெரியவில்லை. எந்த மருத்துவமனை, யாரிடம் பேசுவது, மதுரைக்கே கொண்டுபோய்விடலாமா என்று மனசுக்குள் ஒரே ஓட்டம்.

வீட்டுக்குள் நுழைந்தால், மச்சான் நாற்காலியில் சாய்ந்து பன்னீர்த் திராட்சை தின்றுகொண்டிருந்தார்.

“வா மாப்ள. என்ன, மூஞ்சி வெளுத்துப் போயி வர்ற? தேனில எதுவும் எழவா?”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா டி.வி.க்குக் கீழே இருந்த பலகையைக் காட்டினாள்.

“அந்த டி.வி. கேம் இருக்குல்ல, அதோட ரிமோட்டுதான். எடது அமுக்குனா போகமாட்டேங்குது.”

புகார் என்பது ஒரு முகவரி

நான் ஆட்களைக் குறை சொல்லியே எழுதுகிறேன் என்று இந்தத் தொடரை வாசிக்கிறவர்களில் சிலருக்கு வருத்தம். இந்த வாரம் ஒருவரை மெச்சி எழுதப் போகிறேன். பழக்கமில்லாத வேலை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசித் துறையில் பழுது பார்க்கும் பிரிவில் என் காலம் கழிந்தது. அங்கே நான் கற்ற முதல் பாடம், சந்தாதாரர் சொல்வது பழுது அல்ல, பழுதின் முகவரி மட்டும் என்பது. “போன் செத்துப் போச்சு” என்பார்கள். போய்ப் பார்த்தால் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் கிடக்கும். “கொரகொரன்னு கேக்குது” என்றால் மழைத்தண்ணீர் கேபிளுக்குள் போயிருக்கும். கம்பத்துத் திராட்சை வியாபாரி ஒருவர், “உள்ளுக்குள்ள யாரோ மாவாட்டுறாக சார்” என்று புகார் கொடுத்தார். வயரை எலி கடித்திருந்தது. அந்த வர்ணனையை நான் இன்றும் மதிக்கிறேன். எங்கள் அதிகாரிகள் ஒருவராலும் அவ்வளவு துல்லியமாக எழுத முடிந்ததில்லை.

அப்படிப்பட்ட நான், ‘இடது’ என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் முகவரியை விசாரிக்காமல் கார் ஏறிவிட்டேன். சொந்த அக்கா என்றால் பாடமெல்லாம் மறந்துபோகிறது.

வயர் வைத்த ரிமோட்

அந்த டி.வி. கேம் அவர்கள் மகன் சிறுவனாக இருந்தபோது வாங்கியது. சாம்பல் நிறப் பெட்டி. மேலே கேசட் செருக ஒரு வாய். முன்னால் இரண்டு கைப்பிடிகள், அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். அந்தக் கைப்பிடிக்கு ரிமோட் என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. ரிமோட் என்றால் தூரத்திலிருந்து இயக்குவது. இதற்கோ முழநீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு வயர். ஆனால் தமிழ்நாடு முழுக்க அதற்கு ரிமோட் என்றுதான் பெயர். நான் ஒருவன் எதிர்த்து என்ன ஆகப்போகிறது? ரிமோட் என்றே எழுதுகிறேன்.

ரிமோட்டின் இடது ஓரத்தில் சிலுவை வடிவப் பொத்தான். மேல், கீழ், இடது, வலது. இடது கைக் கட்டைவிரல்தான் இதை ஆள வேண்டும். வலது ஓரத்தில் இரண்டு வட்டப் பொத்தான்கள், வலது கட்டைவிரலுக்கு.

மகன் பெரியவனாகி வெளியூர் போன பிறகு பெட்டி பரணில் கிடந்தது. பக்கவாதம் வந்த பிறகுதான் அது கீழே இறங்கியது. அதற்குக் காரணம் ஒரு ரப்பர் பந்து.

பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒரு பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கிப் பழகச் சொன்னார். மச்சான் அதை வாங்கிப் பார்த்தார். அவர் கம்பத்திலிருந்து மலை ஏறி, கேரள ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோன ஜீப் டிரைவர். கம்பம்மெட்டுச் சாலையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவருடைய இடது கை கியரை மாற்றியிருக்கிறது. மழையில், பனிமூட்டத்தில், கூரை மேல் வரை ஆள் தொங்க. பிறகு சொந்தமாக வண்டிகள் விட்டார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு முதல் ஜீப்பை மட்டும் கொட்டகையில் வைத்திருந்தார்.

“இந்தக் கையி கியர் போட்ட கையிம்மா. எலுமிச்சங்காய அமுக்கச் சொல்றியே” என்று பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மாட்டேன் என்கிற ஆளை உட்கார வைப்பது அவள் தொழில். மறுநாள் பரணில் ஏறி டி.வி. கேமை இறக்கினாள். டென்னிஸ் மாதிரி ஒரு பந்தாட்டம். இந்தப் பக்கம் ஒரு குட்டி மனிதன், அந்தப் பக்கம் ஒரு குட்டி மனிதன். “வாங்க, ஒரு ஆட்டம்” என்றாள்.

அவ்வளவுதான். மச்சான் பிடித்துக்கொண்டார். காலையில் ஓர் அமர்வு, மாலையில் ஓர் அமர்வு. வலது பக்கம் முதலில் வசப்பட்டது. பிறகு மேலும் கீழும். கட்டைவிரலை வெளிப்பக்கமாகத் தள்ளி இடதை அமுக்குவதுதான் கடைசியாக வந்தது. வந்த அன்று எனக்கே போன் செய்தார். “மாப்ள, எடது வந்துருச்சு! ரிவர்ஸ் கியர் மாதிரி கடைசியாத்தேன் விழுந்துச்சு!”

தேர்தலில் ஜெயித்தவர்கள்கூட என்னிடம் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

அடுப்படி விசாரணை

“என்ன நடந்துச்சு, மொதல்லருந்து சொல்லு” என்றேன். அக்கா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள்.

“ரெண்டு நாளா எடது அமுக்குனா அந்த ஆளு அசையல தம்பி. அவுகளும் கட்டவெரலு வெளுத்துப் போற மாதிரி அமுக்கிப் பாத்தாக. ‘போச்சு தனம், கடைசியா வந்தது மொதல்ல போகுது’ன்னு சொல்லி ரிமோட்ட வச்சுட்டாக. பிசியோ பொண்ணு வந்துச்சு, திருப்பி அனுப்பிட்டாக. கையத் துண்டுக்குள்ள சுத்தி வச்சுருக்காக, பாத்தேல்ல?”

பார்த்திருந்தேன். திராட்சை தின்றதெல்லாம் வலது கை.

“ரிமோட்டுதேன் பழுதுன்னு சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன். ‘எனக்கு ஆறுதல் சொல்லுறியாக்கும்’ங்கிறாக. இன்னொன்னு கேளு. தேவாரம் ஊர்க்காரர் ஒருத்தர் ரொம்ப நாளா ஜீப்பக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. சாயங்காலம் கெளம்புறப்ப போன் பண்றேன், வந்து ஓட்டிட்டுப் போறேன்னுருக்காரு. அவுக சரின்னுட்டாக.”

மச்சான் இனி அந்த ஜீப்பை ஓட்டப்போவதில்லை. டாக்டர் சொல்லிவிட்டார், அவருக்கும் தெரியும். ஆனால் தினமும் காலையில் கொட்டகைக்குப் போய் ஏறி உட்கார்ந்து, இடது கையைக் கியர்மேல் வைத்துக்கொள்வார். அதைக் கொடுக்கிறார் என்றால் கையையே கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

“அதுக்கு என்னைய எதுக்குக் கூப்புட்ட? பக்கத்துத் தெருவுலயே டி.வி. மெக்கானிக் இருக்காரே?”

“நீ சொன்னாத்தேன் நம்புவாக. ஒனக்கு யாருக்கும் இதமா ஒரு வார்த்த சொல்ல வராதுன்னு ஊருக்கே தெரியும்.”

என் வாழ்நாள் சேவைக்கு இப்படி ஒரு சான்றிதழ். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, “நல்லாத் தொறந்து பாரு. ஏதாச்சும் இருக்கும்” என்றாள். அந்த ‘இருக்கும்’ கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. நான் கவனிக்கவில்லை. மச்சானைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாற்றிப் பார்

பழுது பார்ப்பதில் முதல் விதி, பழுதை உன் கண்ணால் பார். நான் இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து மச்சானின் ரிமோட்டை எடுத்தேன். வலது அமுக்கினேன். குட்டி மனிதன் வலப்பக்கம் ஓடினான். மேல், கீழ், சரி. இடது அமுக்கினேன். நின்றான். இன்னும் அழுத்தி அமுக்கினேன். எங்கள் பழைய அலுவலகத்து ஊழியர் மாதிரி, கேட்காதது போலவே நின்றான்.

“பாத்தீகளா மச்சான். எனக்கும் போகல. என் கட்டவெரலு நல்லாத்தான இருக்கு?”

மச்சான் திராட்சைத் தோலைத் துப்பினார். “நீ எங்கன அமுக்குன? சும்மா வெரல வச்சுக்கிட்டு அமுக்குற மாதிரி நடிக்கிற.”

“நான் எதுக்கு நடிக்கிறேன்?”

“ரெண்டு பேரும் அடுப்படில குசுகுசுன்னு பேசுனீகல்ல. அக்காளும் தம்பியும் சேந்துதேன் என்னையக் கல்யாணத்துலயே ஏமாத்துனீக.”

இரண்டாவது விதி, மாற்றிப் பார். இரண்டு ரிமோட்டின் பிளக்குகளையும் கழற்றி இடம் மாற்றிச் செருகினேன். பழுது பெட்டியில் இருந்தால் இருந்த இடத்திலேயே இருக்கும். ரிமோட்டில் இருந்தால் ரிமோட்டோடு போகும். ரிமோட்டோடு போனது. மற்ற ரிமோட்டில் இடது அழகாக ஓடியது.

“இந்தாங்க, இதுல நீங்க அமுக்கிப் பாருங்க.”

“வேணாம் மாப்ள. ஒருதடவ பாத்தாச்சு. இன்னொருதடவயும் போகலைன்னா எனக்குத் தாங்காது. சாரமில்ல, விடு.”

‘சாரமில்ல’ என்பது மலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. ‘பரவாயில்லை’ என்று அர்த்தம். பரவாயில்லை என்று தோன்றாதபோதுதான் அவர் மலையாளத்துக்குப் போவார்.

“அப்ப உங்க கண்ணு முன்னாடியே பிரிக்கிறேன்” என்றேன். வேறு வழி இல்லை.

மூன்று கறுப்பு, ஒன்று சிவப்பு

மல்டிமீட்டரும் சிறு ஸ்க்ரூ டிரைவரும் இல்லாமல் நான் வெளியூர் போவதில்லை. இதை ஒரு வியாதி என்பாள் என் மனைவி. தரையில் செய்தித்தாள் விரித்து, ரிமோட்டைக் கவிழ்த்து, திருகுகளைக் கழற்றினேன். மச்சான் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு தலைக்கு மேல் குனிந்தார்.

உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பச்சை அட்டை. அதில் ஒரு சின்னச் சில்லு. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வருகைப் பதிவு எடுப்பது மாதிரி, பெட்டி ஓயாமல் பொத்தான்களை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அமுக்கப்பட்டிருக்கும் பொத்தான் ‘உள்ளேன்’ என்னும். அதைப் பெட்டிக்குச் சொல்வது சில்லு. பொத்தானுக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு ரப்பர் விரிப்பு. அதன் அடியில், ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு கறுப்பு வட்டம், கார்பன். அமுக்கினால் கார்பன் அட்டையில் உள்ள கோடுகளைத் தொடும். மின்சாரம் பாயும். தேய்ந்துபோனாலும் அழுக்கு ஏறினாலும் பாயாது. இந்த ஊர் ரிமோட் என்றால் திராட்சைச் சாறும் எறும்பும் கட்டாயம் இருக்கும்.

ரப்பரைத் தூக்கித் திருப்பினேன்.

சிலுவைப் பொத்தானுக்கான நாலு வட்டங்களில் மூன்று கறுப்பு. ஒன்று அரக்குச் சிவப்பு.

கேபிள் குழிக்குள் பாம்புச் சட்டை பார்த்திருக்கிறேன். இணைப்புப் பெட்டிக்குள் தேனடை பார்த்திருக்கிறேன். பொட்டு வைத்துக்கொண்ட ரிமோட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். இடதுக்கான கார்பன் மேல், அளவெடுத்தாற்போல, ஒரு ஸ்டிக்கர் பொட்டு. தானாக விழுந்து ஒட்டியது அல்ல. மையம் பிசகாமல், விரலால் நீவி, ஓரம் தூக்காமல் ஒட்டப்பட்டிருந்தது.

தலையைத் தூக்கினேன். அடுப்படி வாசலில் அக்கா நின்றாள். அவள் நெற்றியில் அதே அரக்கு, அதே அளவு. அவள் கண்ணால் ஏதோ சொன்னாள். எனக்குப் புரிந்தது. ‘கார்பன் போச்சுன்னு சொல்லு.’

இது யார் வேலை என்பது அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஆனால் நான் பொய் சொன்னால், என்னை அழைத்துவந்த ஒரே தகுதியும் போய்விடும். உண்மை சொன்னால் என்ன போகும் என்று தெரியவில்லை.

“என்ன மாப்ள, பேச்சக் காணோம்? காமி.”

“அன்னியப் பொருள்” என்றேன். எங்கள் துறையில் அப்படித்தான் எழுதுவோம்.

மச்சான் இன்னும் குனிந்தார். பொட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பொண்டாட்டியின் நெற்றியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அன்னியமா?” என்றார். “இந்த வீட்டுலயே இருக்குறதுதான?”

அக்காவின் வாக்குமூலம்

“அது என்னோட ரிமோட்டு” என்றாள் அக்கா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே. “அன்னைக்குப் பலகையத் தொடச்சு வச்சப்ப பிளக்கு மாறிப்போச்சு. ஒங்க கைக்கு வந்துருச்சு.”

“ஒன்னோட ரிமோட்டுல எதுக்குடி பொட்டு?”

“மொத வாரம் நீங்க தோத்துட்டு ரிமோட்ட வீசுனீக. மறந்துருச்சா? அப்புறம் நான் வேணும்னே விட்டுக்குடுத்தேன். அதயும் கண்டுபுடிச்சு, ‘பிச்ச போடுறியா’ன்னு சண்டைக்கு வந்தீக. நான் ஜெயிச்சாலும் தப்பு, விட்டுக்குடுத்தாலும் தப்பு. நான் என்னதான் செய்ய? இந்தப் பொத்தான மூடிட்டேன். எடதுபக்கம் வர்ற பந்த நான் நெசமாவே எடுக்க முடியாது. அப்புறம் முழு மனசோடதேன் ஆடுனேன்.”

நான் ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெச்சப்போகிறேன் என்று சொன்னேனே, இந்த இடத்தைத்தான். ஆட்டத்தில் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கருவியை ஊனமாக்கிக்கொண்டு உண்மையாக ஆடியிருக்கிறாள். ஒரு ஜீப் டிரைவரின் கண்ணை ஏமாற்ற உலகத்தில் வேறு வழியே இல்லை. நான் படித்த எந்தக் கையேட்டிலும் இப்படி ஒரு பழுதை உண்டாக்கும் முறை கிடையாது. பேப்பர் வைத்தால் நகர்ந்துவிடும், டேப் ஒட்டினால் பிசுபிசுக்கும். பொட்டு, அதற்கென்றே செய்தது மாதிரி.

“நீயே எடுத்திருக்கலாம்ல?” என்றேன்.

“எடுத்துட்டா ரிமோட்டு நல்லாருக்கும். அவுக மறுபடி தொடவும் மாட்டாக, அப்ப வெரல்தேன் பழுதுன்னு ஆகும். பழுதக் கண்ணுல காட்டணும்ல. அதான் வச்சுருந்தேன். நீ கார்பன்னு சொல்லுவன்னு நெனச்சேன். பெரிய அரிச்சந்திரன்.”

மச்சான் முகம் இறுகியிருந்தது. “அப்ப நான் ஜெயிச்சது பூராம் பொய்யி.”

தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று எனக்குப் பயம். பயந்தால் என் கை ஏதாவது செய்தாகவேண்டும். பொட்டை உரித்து என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டேன். கார்பனை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். ரப்பரை அட்டைமேல் வைத்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் இடதுக்கான கோடுகளில் பிடித்தேன்.

“மச்சான், துண்ட எடுத்துட்டு வெரலக் குடுங்க.”

“எதுக்கு?”

“ரிமோட்டுதேன் பொய் சொல்லுச்சு. இந்த மீட்டர் சொல்லாது. கார்பன் ஒரு விசித்திரமான பொருள். எவ்வளவு அழுத்தி அமுக்குறீகளோ அவ்வளவுக்கு இந்த எண்ணு கீழ எறங்கும். மொதல்ல என் வெரலப் பாருங்க.”

அமுக்கினேன். எண் சரிந்து ஓரிடத்தில் நின்றது.

மச்சான் துண்டைப் பிரித்தார். இடது கை மெதுவாக வந்தது. கட்டைவிரல் ரப்பரைத் தேடித் தொட்டது. எண் அசைந்தது. அவர் பல்லைக் கடித்தார். எண் இறங்கியது. என் எண்ணைத் தொட்டது. தாண்டி, இன்னும் கீழே போனது.

“மாப்ளய விடக் கொறச்சலாக் காட்டுது” என்றார்.

“கொறஞ்சாத்தேன் பலம்.”

“அப்பிடியா?” விரலை எடுக்கவே இல்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்தான் கடைசியில் மீட்டரை இழுக்க வேண்டியிருந்தது.

மறு ஆட்டம்

திருகுகளைப் பூட்டினேன். “எது யாரோடது? மறுபடி மாறிடப் போகுது” என்றேன்.

மச்சான் என் உள்ளங்கையைப் பார்த்தார். இடது கையை நீட்டி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொட்டைப் பிடித்தார். நழுவியது. மறுபடி பிடித்தார். நானும் அக்காவும் உதவிக்குப் போகவில்லை. ஒருவழியாக ஓரம் கிளம்பி, விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை அக்காவின் ரிமோட்டில், வெளிப்பக்கம், வயர் கிளம்பும் இடத்துக்குக் கீழே ஒட்டினார். கொஞ்சம் கோணல்.

“இது ஒன்னோடது. இனி வெளியிலயே இருக்கட்டும்” என்றார். “ம், ஆட்டத்தப் போடு. முழு ரிமோட்டோட ஆடு. பாப்பம்.”

அக்கா சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அவள் உண்மையான ஆட்டத்தைப் பார்த்தேன். இடப்பக்கம், வலப்பக்கம், வலையோரம் என்று பந்து எங்கே வந்தாலும் நிற்கிறாள். வகுப்பில் முன் பெஞ்சையும் பின் பெஞ்சையும் ஒரே நேரத்தில் பார்க்கிறவள் அல்லவா? துளி இரக்கம் இல்லை. மச்சானின் குட்டி மனிதன் இடப்பக்கமாக ஓடு ஓடென்று ஓடினான். ஓடினானே தவிர, பந்தைத் தொடவில்லை.

“ஆத்தாடி, பேயாட்டம் ஆடுறாளே! ஏ, கொஞ்சம் மெதுவா!”

“விட்டுக்குடுக்கணுமா?”

“வாய மூடிட்டுப் போடு.”

அப்போது அவர் செல்போன் அடித்தது. கையை எடுக்க அவருக்கு மனமில்லை. நான் எடுத்துக் காதருகே கொண்டுபோனேன். அதைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். கண் டி.வி.யில். கட்டைவிரல் இடதில்.

“யாரு, தேவாரமா? கெளம்பாதீகய்யா… வண்டி குடுக்குறதா இல்ல… ஏன்னா? அதெல்லாம் அப்புறம் சொல்றேன், போன வையிங்க. இங்கன தோத்துக்கிட்டு இருக்கேன்!”